தாலுகாவுக்கு ஒரு போன் பழக்க மீட்பு மையம் வேண்டுமா? கேரளத்துச் சித்தூர் (பாலக்காடு) பக்கத்து விவாதம்

வேலந்தாவளம் அப்பா, 2025 ஜூலை 6
பையன் பத்தாவது, தமிழ் மீடியம். ராத்திரி இரண்டு மணி வரை போனில் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் விளையாட்டு. போனைப் பிடுங்கினால் சாப்பிடாமல் கிடக்கிறான், கதவை உதைக்கிறான். குடியை நிறுத்த மையம் இருக்கிறதே, அது மாதிரி தாலுகாவுக்கு ஒரு போன் மீட்பு மையம் கட்டி, ஒரு மாதம் உள்ளே வைத்துத் திருத்தி அனுப்பினால் என்ன? இது பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லையா? ஹெல்த்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கோபாலபுரத்துக்காரன், ஜூலை 6 இரவு
நான் பார்த்தேன். சித்தூர் தாலுகாவில் ஹெல்த் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பொதுச் சுகாதாரப் பிரச்சினைதான், சந்தேகமில்லை. அதனால்தான் மையம் வேண்டாம் என்கிறேன். விவரம் நாளை. அதுவரை 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பையன் பேச வேண்டும் என்றில்லை, நீங்களே பேசலாம்.

ஜூலை 7
நேற்று நான் சொன்ன விவரம் இது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், 11-ஆவது பதிப்பு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. விளையாட்டுக் கோளாறு என்று அதில் ஒன்று உண்டு. மூன்று விஷயம் பார்ப்பார்கள். நிறுத்த நினைத்தாலும் முடியாமல் போவது. சாப்பாடு, படிப்பு, சிநேகிதம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஆட்டம் முன்னால் வந்து நிற்பது. கெடுதல் கண்ணெதிரே நடந்தாலும் தொடர்வது. இதெல்லாம் பொதுவாக 12 மாதமாவது இருக்க வேண்டும், ரொம்ப மோசமென்றால் முன்னாலேயே முடிவு செய்யலாம். ரீல்ஸ் பார்த்துக்கொண்டே கிடப்பது அந்தப் பட்டியலில் தனி நோயாக இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013-ஆம் வருடக் கையேடு இன்னும் ஜாக்கிரதையாக, இணைய விளையாட்டை ‘மேலும் ஆராய வேண்டியவை’ பகுதியில் வைத்தது.

ஆக, பரீட்சைக்கு முந்தின லீவில் ராத்திரி இரண்டு மணி வரை ஆடுகிறவன் எல்லாம் நோயாளி ஆகிவிட மாட்டான். உங்கள் பையன் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டானா என்று இங்கே எழுதுகிற யாராலும் சொல்ல முடியாது. டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது.

பூட்டி வைக்கிற மையத்துக்கு வருவோம். சீனாவில் அதைச் செய்து பார்த்தார்கள். ராணுவப் பயிற்சி, அடி உதை, கரண்ட் ஷாக் வரைக்கும் போனது. 2009-இல் ஒரு முகாமில் சேர்த்த சிறுவன் அடிபட்டுச் செத்தான். அதே வருடம் இணையப் பழக்கத்துக்கு ஷாக் கொடுப்பதை அந்த நாட்டுச் சுகாதார அமைச்சகமே நிறுத்தச் சொன்னது. ‘அரசாங்கம் நடத்தினால் அப்படி நடக்காது’ என்று சொல்ல வருவீர்கள். முகாம் முடிந்து வீட்டுக்கு வருகிற பையனுக்கு அதே அறை, அதே கட்டில், அதே போன். ஒரு மாதத்தில் மாறினது என்ன?

நம் நாட்டில் இதற்கென்று முதலில் வந்தது பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில் 2014-இல் திறந்த ‘ஷட்’ கிளினிக். பேசி, குடும்பத்தையும் உட்கார வைத்து, தூக்கத்தையும் நாளின் ஒழுங்கையும் திரும்பக் கொண்டுவருவதுதான் அங்கே முக்கியமான வேலை. கேரளப் போலீஸ் 2023-இல், பிள்ளைகளைப் போன் பழக்கத்திலிருந்து மீட்க, ‘டி-டாட்’ என்ற ஆலோசனை மையங்களைத் தொடங்கியது. திருவனந்தபுரம், கொல்லம், கொச்சி, திருச்சூர், கோழிக்கோடு, கண்ணூர் என்று முதலில் ஆறு நகரம். நமக்குக் கிட்ட திருச்சூர். போலீஸ் என்றதும் பயப்பட வேண்டாம், உள்ளே உட்கார்ந்திருப்பது உளவியல் படித்தவர்கள்.

ஜூலை 7, பிறகு
‘போலீஸ் பையனைக் கூப்பிட்டு மிரட்டினால் போதும்’ என்று எழுதியவருக்கு: நீங்கள் கேட்கிற சேவை அங்கே இல்லை.

ஜூலை 9
பள்ளியில் ஒரு ஃபாரம் கொடுத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் மார்க் போடச் சொன்னார்களாம், அது சரியா என்று கேட்கிறார் மீனாட்சிபுரம் டீச்சர். அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கிம்பர்லி யங் என்ற அமெரிக்க உளவியலாளர் 1998-இல் போட்ட 20 கேள்வி. உலகம் முழுக்க இன்னும் அதைத்தான் ஓட்டுகிறார்கள். அதில் ஒரு கேள்வி, வேறு வேலையைத் தொடும் முன் மின்னஞ்சல் பார்ப்பதுண்டா என்பது. நம் எட்டாவது பிள்ளைக்கு மின்னஞ்சல் என்பது போனைத் திறக்க அப்பா போட்டுக் கொடுத்த ஏதோ ஒன்று. பிள்ளை பூஜ்யம் போடும். இன்னொரு கேள்வி, துணையோடு நெருக்கமாக இருப்பதைவிட இணையம் சுகமாக இருக்கிறதா என்று. எட்டாவதில்! டீச்சர், அந்தக் கேள்வியை வகுப்பில் யார் வாசித்தது என்று மட்டும் எழுதுங்கள், நாங்கள் சிரித்துவிட்டுப் போகிறோம்.

சிரிப்பு போகட்டும். வகுப்பு முழுக்க ஃபாரம் கொடுத்து, ஐம்பதுக்கு மேல் எடுத்த பிள்ளையின் பேரை ஸ்டாஃப் ரூமில் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு அன்றிலிருந்து ஒரு பட்டம் ஒட்டிக்கொள்ளும். கண்டுபிடித்தால் எங்கே அனுப்புவது என்று ஏற்பாடு செய்யாமல் சலித்தெடுக்கக் கூடாது. காசநோயாக இருந்தாலும் சர்க்கரையாக இருந்தாலும் எங்கள் துறையில் இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பார்கள்.

ஜூலை 13
கொழிஞ்சாம்பாறை நண்பர் எழுதியதில் பாதி நியாயம் இருக்கிறது: ‘கிளினிக்கும் வேண்டாம், ஃபாரமும் வேண்டாம், அப்புறம் பொதுச் சுகாதாரம் என்னதான் செய்யும்?’

1985-இல் ஜெஃப்ரி ரோஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதய நோயை வைத்து ஒரு விஷயம் சொன்னார். கடும் ஆபத்தில் இருக்கிற நாலு பேரைவிட, கொஞ்சம் ஆபத்தில் இருக்கிற நானூறு பேரிலிருந்துதான் அதிக நோயாளிகள் வருகிறார்கள். அதனால் அந்த நாலு பேரைத் தேடிப் பிடிப்பதோடு நிற்காமல், ஊர் மொத்தத்தின் பழக்கத்தையும் ஒரு விரற்கடை நகர்த்து என்றார். உப்பில் அயோடின் சேர்த்ததும் அந்த வகைதான். யாருக்குக் கழுத்து வீங்கியிருக்கிறது என்று பார்த்து உப்பு கொடுக்கவில்லை.

போனில் அந்த ஒரு விரற்கடை எது? என் மனசுக்கு அது தூக்கம். மொத்தம் எத்தனை மணி நேரம் பார்க்கிறான் என்று எண்ணுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பாடமும் அதில்தான், அரட்டையும் அதில்தான், எப்படிப் பிரித்து எண்ணுவது? பத்தரை மணிக்குப் போன் படுக்கையறைக்கு வெளியே போனதா இல்லையா என்பதை மட்டும் பாருங்கள். சார்ஜரை ஹாலில் ஆணியடித்து மாட்டுங்கள். எல்லாருடைய சார்ஜரையும்.

ஜூலை 14
‘ஆஷா பணியாளர்களிடம் கொடுத்தால் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிடுவார்கள்’ என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். கிராமச் சுகாதாரத் தொண்டர்களான அந்த ஆஷாக்கள் பிப்ரவரி 10-லிருந்து சம்பள உயர்வு கேட்டுத் தலைமைச் செயலக வாசலில் போராட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாதம் 7,000 ரூபாய் மதிப்பூதியம். கொசு, தடுப்பூசி, கர்ப்பிணி, படுத்த படுக்கையானவர்கள் எல்லாம் அவர்கள் தலையில். இதையும் ஏற்றலாம் என்கிறவர் முதலில் திருவனந்தபுரம் போய் அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வரட்டும்.

பெண்கள் சுய உதவிக் குழுவான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டம் வாரம் ஒரு முறை எப்படியும் கூடுகிறது. கடன், சேமிப்பு முடிந்ததும் அம்மாக்கள் பேசுவதே பிள்ளைகளின் போன் பற்றித்தான். அங்கே சேர்ந்து முடிவெடுத்தால் ஒரு லாபம் உண்டு. ‘ஊர்ல எல்லாரும் வெச்சிருக்காங்க, நான் மட்டும் ஏன் தரணும்’ என்கிற பேச்சுக்கு இடமிருக்காது, ஒரு தெருவே பத்தரைக்கு வைத்துவிடும்.

ஜூலை 20
‘ஆன்லைன் ஆட்டத்தையே தடை செய்’ என்கிற கட்சிக்காரர்கள் வந்துவிட்டார்கள். நல்லது. நாம் இருக்கிற இடத்தை வைத்தே பேசுவோம்.

தமிழ்நாட்டில் லாட்டரி 2003-லிருந்து கிடையாது. இங்கே 1967-லிருந்து அரசாங்கமே விற்கிறது. கோபாலபுரம் எல்லையில் காலையில் வந்து நின்று பாருங்கள், பொள்ளாச்சி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களில் எத்தனை பேர் நேராக லாட்டரிக் கடைக்குப் போகிறார்கள் என்று. அங்கே கள் இறக்கத் தடை. சித்தூர்க் கள்ளு கேரளம் முழுக்கப் போகிறது. சாயங்காலம் எங்கள் ஷாப்புகளில் பாதிப் பேச்சு கோயம்புத்தூர்த் தமிழ். தடை போட்டால் ஆசை பஸ் ஏறி வரும் என்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். போனுக்கோ பஸ் டிக்கெட்கூடத் தேவையில்லை.

வெளியே பார்த்தாலும் அதுதான். தென் கொரியா 2011-இல் பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நடு ராத்திரியிலிருந்து காலை ஆறு வரை ஆன்லைன் விளையாட்டு ஆடக் கூடாது என்று சட்டம் போட்டது. பிள்ளைகள் அப்பா அம்மாவின் அடையாள எண்ணைப் போட்டு நுழைந்தார்கள். சட்டம் கம்ப்யூட்டர் ஆட்டத்துக்குத்தான், போன் ஆட்டத்துக்கு இல்லை, எல்லாரும் போனுக்குப் போய்விட்டார்கள். 2022 தொடக்கத்தில் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். சீனா 2021-இல் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் ராத்திரி எட்டிலிருந்து ஒன்பது என்று சுருக்கியது. அதற்கு முந்தைய 2019 கட்டுப்பாட்டைப் பிற்பாடு ஆட்ட நேரப் பதிவுகளை வைத்து ஆராய்ந்தவர்கள், அளவுக்கு மீறி ஆடுவது குறைந்ததற்கு நம்பும்படியான அடையாளம் இல்லை என்று 2023-இல் எழுதினார்கள். அவ்வளவு பெரிய அரசாங்கத்தின் கதி அது. நம் பஞ்சாயத்து என்ன செய்யும்?

நம் ஊரிலேயே, ஃப்ரீ ஃபயரை 2022 பிப்ரவரியில் தடை செய்தார்கள். வேலந்தாவளம் அப்பா மேலே என்ன பேர் எழுதியிருக்கிறார்? மேக்ஸ். அதே ஆட்டத்தின் இன்னொரு வடிவம்.

ஆகஸ்ட் 3
‘போனே பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது, அந்தக் காலத்தில்…’ என்று தொடங்கிய பெரியவருக்கு. கொரோனாவில் பள்ளி மூடியிருந்தபோது, 2020 ஜூன் 1-ஆம் தேதி கேரள அரசின் விக்டர்ஸ் கல்விச் சேனலில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கின. தமிழ் மீடியத்துக்கும் தனியாக வகுப்பு வந்தது, ஞாபகம் இருக்கும். டிவி இல்லாத வீட்டில் போன். வாட்ஸ்அப் குரூப்பில் ஹோம் ஒர்க். போன் இல்லாத பிள்ளைகளுக்குப் போன் வாங்கிக் கொடுக்க ஊரே வசூல் செய்தது, நானும் ரசீதுப் புத்தகம் தூக்கிக்கொண்டு போனேன். அதைத் தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன், அந்தப் பிள்ளைகள் பாடம் படித்தார்கள். ஆனால் கையில் கொடுத்தது நாம், இப்போது பிள்ளையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினால் எப்படி?

இன்னொன்று. 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கோழிக்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை பெண்கள் போனை ஒப்படைக்க வேண்டும் என்று விதி. ஒரு மாணவி மறுத்தாள், வெளியே அனுப்பினார்கள், அவள் வழக்குப் போட்டாள். இணையம் கல்வி உரிமையோடும் தனியுரிமையோடும் சேர்ந்தது என்று சொல்லி அவளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது நீதிமன்றம். பிடுங்கி வைப்பதுதான் ஒழுக்கம் என்று நினைக்கிற விடுதி வார்டன்கள் படிக்க வேண்டிய தீர்ப்பு. நான் சார்ஜரை ஹாலில் மாட்டச் சொல்வதும் இதுவும் ஒன்றா என்று மீனாட்சிபுரம் டீச்சர் மடக்குகிறார். ஒன்றில்லை. வீட்டில் சேர்ந்து முடிவெடுப்பது வேறு, கல்லூரியில் படிக்கிற பெண்ணிடம், அதுவும் படிக்கிற நேரத்தில் பிடுங்குவது வேறு. ஆனாலும் கேள்வி கூர்மையானது, பன்னிரண்டாவது படிக்கிறவர்களுக்கு எங்கே கோடு போடுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஆகஸ்ட் 23
நேற்று ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். காசு வைத்து ஆடுகிற ஆன்லைன் விளையாட்டு நாடு முழுக்கக் கிடையாது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற பழைய வாதத்துக்கும் இடமில்லை. நடத்துகிறவனுக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுகிறவனுக்குத் தண்டனை இல்லை.

‘தடை வேண்டாம் என்றீரே, இப்போது என்ன?’ என்று ஆறு பேர் கேட்டாகிவிட்டது. இதை நான் வரவேற்கிறேன். காரணம் என் அக்கா மகன்.

பொள்ளாச்சிப் பக்கம் வீடு, இருபத்தொரு வயசு. தமிழ்நாட்டில் பிப்ரவரியில் விதி வந்தது: காசு ரம்மிக்கெல்லாம் ராத்திரி பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை பூட்டு, பதினெட்டுக்குக் கீழே அனுமதி இல்லை, ஆதார் சரிபார்ப்பு. ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் சரி என்றது. இங்கே கேரளத்தில் 2021 பிப்ரவரியில் ஆன்லைன் ரம்மியைத் தடுக்கப் போட்ட அறிவிப்பை அதே வருடம் செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. இதன் விளைவு, என் அக்கா மகனுக்கு மாமா வீட்டின் மேல் திடீரென்று பாசம். ‘மாமா, இன்னைக்கு இங்கயே படுத்துக்கறேன்’ என்று பைக்கில் வந்துவிடுவான். என் வீட்டுக்காரி மருமகனுக்குக் கோழி அடித்துப் போட்டாள். அங்கே பன்னிரண்டு அடித்தால் மூடிக்கொள்கிறது, இங்கே மூடுவதில்லை என்று அவன் கண்டுபிடித்து வைத்திருந்தது அக்காவின் வளையல் அடகுக் கடைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

சிகரெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புகைக்கிற பையனைப் பிடித்து அபராதம் போட்டு நாங்கள் ஒன்றும் சாதிக்கவில்லை. பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் விற்கக் கூடாது என்ற 2003 சட்டத்தை வைத்துக் கடைக்காரனைப் பிடித்தபோதுதான் கொஞ்சமாவது நடந்தது. நேற்றைய சட்டம் அந்த ரகம். கொரியச் சட்டத்தில் பிள்ளையைக் கடிகாரம் வைத்துத் துரத்தினார்கள். வெளிநாட்டு சர்வரிலிருந்து திருட்டு ஆப் வரும் என்கிறார்கள், வரத்தான் செய்யும். ஆனால் டிவியிலும் கிரிக்கெட் சட்டையிலும் விளம்பரம் போட்டு வீட்டுக்குள் வர முடியாது.

ஆகஸ்ட் 23, மறுபடி
கோழி என்ன விலை என்று கேட்காதீர்கள். பையன் இப்போது பரவாயில்லை, வளையல்தான் இன்னும் மீளவில்லை.

செப்டம்பர் 9
ஓணம் முடிந்தது. ஒரு வாரம் இந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை, எல்லாரும் போனை வைத்துவிட்டுப் பூக்களம் போட்டீர்கள் என்று நம்புகிறேன்.

சலித்தெடுப்பது பற்றி ஜூலையில் எழுதியதோடு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளியில் கண் பரிசோதனை எப்படியும் நடக்கிறது. மனசு என்று ஆரம்பித்தால் ‘எங்க பிள்ளைக்குப் பைத்தியமா’ என்று சண்டைக்கு வருகிற அப்பா, கண் என்றால் உட்கார்ந்து கேட்பார். கிட்டப்பார்வை கூடிக்கொண்டே போன தைவானில் 2010-லிருந்து பள்ளிப் பிள்ளைகளைத் தினம் 120 நிமிடம் வெளிச்சத்தில் விடும் திட்டம் கொண்டுவந்தார்கள். ஏறிக்கொண்டிருந்த கணக்கு சில வருடத்தில் திரும்பி இறங்கியது. வெளியே போன பிள்ளையின் கையில் அந்த 120 நிமிடமும் போன் இல்லை என்பது எனக்குக் கிடைத்த உபரி லாபம். கண்ணாடிக்குச் சீட்டு எழுதும்போதே ‘ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கற?’ என்று கேட்டால் பிள்ளை இயல்பாகச் சொல்லிவிடும். பட்டம் ஒட்டாது.

இதை ஹெட்மாஸ்டரிடம் சொன்னேன். யோசிக்கலாம் என்றார்.

அக்டோபர் 5
பள்ளியில் பிள்ளைகளோடு பேசி ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் பற்றி. இந்தத் தாலுகாவில் பல பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகள்தான் பாதிக்கு மேல். கவுன்சிலருக்குத் தமிழ் புரியும், பேச வராது. விளக்கப் படம், நோட்டீஸ் எல்லாம் மலையாளம். பிள்ளைக்குக் கடைத்தெரு மலையாளம் அருமையாக வரும். ஆனால் ‘எனக்குள்ள ஏதோ மாதிரி இருக்கு, அதை மறக்கத்தான் ஆடறேன்’ என்பதை இரண்டாவது பாஷையில் சொல்ல வராது. பெரும்பாலும் போனுக்குப் பின்னால் வேறொன்று இருக்கிறது. வகுப்பில் கேலி, வீட்டில் குடி, படிப்பில் பின்தங்கல். அது வெளியே வராமல் போனை மட்டும் வாங்கி வைத்தால் என்ன பிரயோஜனம்? போன வாரம் ஒரு பிள்ளை எட்டு நிமிடத்தில் கவுன்சிலிங் முடிந்து வெளியே வந்ததாம். ‘எல்லாத்துக்கும் ஆமாம்னு சொன்னேன், விட்டுட்டாங்க’ என்றதாம்.

தமிழ்நாட்டிலிருந்து தமிழ் நோட்டீஸ் வாங்கி வரலாம் என்று ஒருவர் எழுதினார். எழுத்து நம்முடையதுதான், ஆனால் அதில் போட்டிருக்கும் அலுவலகமும் போன் நம்பரும் அந்தப் பக்கத்தது. நாமே ஒன்று எழுதிவிடலாம், டீச்சர் பிழை திருத்துவார்.

நவம்பர் 23
பஞ்சாயத்துத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்தார்கள். டிசம்பர் 11 நமக்கு. மூன்று கட்சியும் ‘இளைஞர்களைப் போதையிலிருந்து மீட்போம்’ என்று அச்சடித்திருக்கிறார்கள், அதில் ஒருவர் ‘டிஜிட்டல் போதை’யையும் சேர்த்திருக்கிறார். ஸ்கூல் மைதானத்துக்கு ஏன் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூட்டுப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். மூவரும் ஒரே மாதிரிச் சிரித்தார்கள்.

ஐஸ்லாந்தில் பதினைந்து பதினாறு வயசுப் பிள்ளைகளில் கடந்த ஒரு மாதத்தில் குடித்துப் போதையானவர்கள் 1998-இல் நூற்றுக்கு 42. 2016-இல் 5. பிரசங்கம் செய்து குறைக்கவில்லை. விளையாட்டு, பாட்டு, நீச்சல் என்று சேர்வதற்குக் குடும்பத்துக்குப் பணம் கொடுத்தார்கள், ராத்திரி வெளியே சுற்றும் நேரத்தைக் கட்டுப்படுத்தினார்கள், பெற்றோர்களே தெருவில் நடந்து பார்த்தார்கள், வருடா வருடம் பிள்ளைகளிடமே கேட்டு அந்தந்த ஊருக்குக் கணக்குக் கொடுத்தார்கள். அது குடி, இது போன், அப்படியே பொருந்தும் என்று சொல்லவில்லை. சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை பிள்ளைக்கு வேறு போக்கிடம் இருந்ததா என்பதை அவர்கள் கேட்டார்கள், நாம் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அந்த நேரத்துக்குத் திறந்திருப்பது கள்ளு ஷாப்பும் ட்யூஷனும்தான். பெண் பிள்ளைகளுக்கு ட்யூஷன் மட்டும்.

ஜும்பா என்ற நடன உடற்பயிற்சி ஆடச் சொல்லி ஜூனில் கேரளத்துப் பள்ளிகளில் எவ்வளவு கலாட்டா! ஆடுவதோ ஓடுவதோ எதையாவது செய்ய விடுங்கள், கேட்டைத் திறந்தால் போதும்.

டிசம்பர் 10
இன்று ஆஸ்திரேலியாவில் பதினாறு வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கு கிடையாது. ‘பார்த்தீரா’ என்று காலையிலிருந்து எனக்கு ஃபார்வேர்டு. பார்த்தேன். அந்தச் சட்டத்திலும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தண்டனை இல்லை, கம்பெனிக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். ஆகஸ்டில் நான் சொன்ன பக்கம்தான் அது. ஆனால் காசு ஆட்டமும் இதுவும் ஒன்றில்லை. எங்கள் தமிழ் மீடியப் பிள்ளைக்கு இன்ஸ்டா என்பது கோயம்புத்தூரில் இருக்கிற சித்தி மகளோடு பேசுகிற இடமும்கூட. ஒரு வருடம் போகட்டும், தூக்கம் கூடியதா என்று யாராவது அளந்து சொல்வார்கள், பார்த்துவிட்டுச் சண்டை போடுவோம்.

வேலந்தாவளம் அப்பா எழுதியிருந்தார். 14416-இல் பேசியிருக்கிறார், அவர்கள் ஜில்லா ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள், டாக்டர் பையனைவிட அப்பாவிடம் அதிக நேரம் பேசினாராம். அது அவருக்குப் பிடிக்கவில்லை. போய்க்கொண்டிருங்கள் சார்.

டிசம்பர் 21
புதுப் பஞ்சாயத்து மெம்பர் பதவி ஏற்றாகிவிட்டது. மைதானத்தை எட்டு மணி வரை திறக்க ஹெட்மாஸ்டர் ஒத்துக்கொண்டார், கண் பரிசோதனைத் தாளில் தூக்கம் பற்றி இரண்டு கேள்வியும் ஏறிவிட்டது. சாவி குடும்பஸ்ரீயிடம் இருக்கும், செவ்வாயும் வெள்ளியும் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று டீச்சர் எழுதி வாங்கிவிட்டார். விளக்கு வாங்க ஒரு தேங்காய் வியாபாரி பணம் தருகிறார். இப்போது சண்டை கரண்ட் கனெக்‌ஷனில். பள்ளிக்கூடம் பேரில் எடுப்பதா, பஞ்சாயத்து பேரில் எடுப்பதா? இதில் அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள், போன் பற்றி அப்புறம் பேசலாம்.